ரபீக் வெளியே நின்ற செவ்வாய்க்கிழமைகள்

செங்கம் சாலையில், ஆசிரமப் பகுதிக்குப் போகும் வழியில், ஒரு பஞ்சர் கடைக்கும் ஜூஸ் கடைக்கும் நடுவே இருக்கிறது ரபீக்கின் கடை. ஆட்டோ, வேன், பைக் சீட்டுகளுக்கு ரெக்ஸின் தைத்துப் போடுகிறான். முப்பத்தைந்து வயது. தனியாள் வேலை. அளவு நாடா கழுத்தில் தொங்கிக்கொண்டிருந்தாலும் அதை அவன் எடுப்பது அபூர்வம். சீட்டை ஒருமுறை கையால் தடவினால் போதும், எந்த இடத்தில் ஃபோம் அமுங்கியிருக்கிறது, எந்தத் தையல் விடப்போகிறது என்று சொல்லிவிடுவான். ஆசிரமத்துப் பக்கம் அறை எடுத்துத் தங்கும் வெளிநாட்டுக்காரர்கள்கூட சைக்கிள் சீட்டைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு அவனைத் தேடி வருவார்கள்.

வீட்டிலும் அப்படித்தான். குழாய் சொட்டினாலும் மிக்ஸி நின்றாலும் தாழ்ப்பாள் இறுகினாலும் வேறு ஆளைக் கூப்பிட்டதில்லை. "எம்புள்ள கைக்குப் போச்சுன்னா எதுவும் சரியாத்தான் திரும்பி வரும்" என்று அவனுடைய அம்மா முன்னி பேகம் சந்து முழுக்கச் சொல்லிக்கொண்டிருப்பார். ரபீக்குக்கும் அதில் பெருமை இருந்தது. இப்போது யாராவது அந்தப் பேச்சை எடுத்தால் எழுந்து போய்விடுகிறான்.

அவன் மனைவி பிர்தௌஸ் கீழ்பென்னாத்தூர்க்காரி. பி.காம். படித்தவள். சத்தமாகப் பேசமாட்டாள், ஆனால் கணக்காகப் பேசுவாள். கல்யாணமாகி நான்கு வருஷம் கழித்துத்தான் உண்டானாள். அந்தச் செய்தி தெரிந்த நாளிலிருந்து ரபீக் அவளைத் தண்ணீர்க் குடம் தூக்கவிடவில்லை. பைக்கின் பின்சீட்டில் கூடுதலாக இரண்டு அடுக்கு ஃபோம் வைத்துத் தைத்தான். வேகத்தடைகளில் பைக்கை நிறுத்தியே ஏற்றி இறக்கினான். "இவனாட்டம் பார்த்துக்கிற புருஷன் கெடைக்கணுமே" என்று பக்கத்து வீட்டுப் பெண்கள் பேசிக்கொண்டது அவன் காதிலும் விழுந்தது.

செவ்வாய்க்கிழமைகளில் நகர சுகாதார நிலையத்தில் கர்ப்பிணிகளைப் பார்ப்பார்கள். மாதத்தில் ஒரு செவ்வாய், பரிசோதனை முடிந்ததும் உள்ளே கூடத்தில் அரைமணி நேரம் வகுப்பு நடக்கும். நர்ஸ் வேதா நடத்துவார். ரபீக் ஒரு தடவைகூடத் தவறாமல் பிர்தௌஸைக் கூட்டிக்கொண்டு போனான். ஆனால் வாசல் வரைக்கும்தான். வெளியே ஒரு புங்கமரம். அதன் அடியில் பத்துப் பதினைந்து பைக்குகள், அவற்றின் மேல் சாய்ந்தபடி பத்துப் பதினைந்து ஆண்கள், எல்லார் கையிலும் போன். உள்ளே வராதே என்று அவர்களிடம் யாரும் சொன்னதில்லை. வா என்றும் யாரும் கூப்பிட்டதில்லை. கூடத்து வாசலில் ஒரு பச்சைத் திரை தொங்கும். உள்ளே பேசுவது மின்விசிறிச் சத்தத்தோடு கலந்து முணுமுணுப்பாகக் கேட்கும்.

வகுப்பு முடிந்து வெளியே வந்ததும் ரபீக் கேட்பான். "இன்னா சொன்னாங்க?"

"எப்பவும் சொல்றதுதாங்க. கீரை சாப்பிடணும், மாத்திரை போடணும், பளு தூக்கக் கூடாது."

"அதெல்லாம் நாமதான் செய்றோமே" என்பான் அவன். இருவரும் சிரித்துக்கொண்டே வீட்டுக்கு வருவார்கள்.

அந்த வருஷம் கார்த்திகை தீபம் வந்தபோது பிர்தௌஸுக்கு எட்டாம் மாதம். தீபத்துக்கு முன்னால் வரும் இரண்டு வாரமும் ரபீக்குக்கு நிற்க நேரமிருக்காது. லட்சக்கணக்கில் ஜனம் வரும், அதற்குள் வண்டியைப் புதிதாக்கிவிட வேண்டும் என்று ஆட்டோக்காரர்கள் வரிசை கட்டுவார்கள். அப்படி ஒரு நாள் மதியம் சாப்பிட வந்தபோது பிர்தௌஸ் வெறுங்காலோடு வாசலில் நின்றிருந்தாள்.

"செருப்பு ஏற மாட்டேங்குதுங்க. வார் அழுத்துது."

ரபீக் உட்கார்ந்து அவள் காலைத் தூக்கித் தன் முழங்கால் மேல் வைத்துப் பார்த்தான். பாதத்தின் மேல் செருப்பு வார் பதிந்த தடம் பள்ளமாக இருந்தது. சாப்பாட்டைக்கூட மறந்து செருப்பைக் கடைக்கு எடுத்துப்போனான். வாரைப் பிரித்து, உள்ளே மெத்தென்று ஒரு துண்டு வைத்து, ஒரு விரல் அகலம் கூட்டித் தைத்து சாயங்காலம் கொண்டுவந்து மாட்டிவிட்டான். பிர்தௌஸ் நடந்து காட்டினாள். முகமெல்லாம் சிரிப்பு. எட்டு நாள் கழித்து மறுபடியும் அழுத்தியது. இன்னொரு விரல் கூட்டினான்.

"எல்லாருக்கும் வீங்குறதுதாண்டா. உன்னச் சுமந்தப்போ எனக்கு யானைக்காலு மாதிரி இருந்துச்சு" என்றார் முன்னி பேகம். அவர் பொய் சொல்லவில்லை. அவருக்கு அப்படித்தான் இருந்தது, ஒன்றும் ஆகவில்லை.

அந்த வாரமே மோதிரம் விரலில் சிக்கிக்கொண்டது. சோப்புப் போட்டும் வரவில்லை. ரபீக் தையல் நூலை மோதிரத்துக்கு அடியில் விட்டு, விரலைச் சுற்றி நெருக்கமாகச் சுற்றி, மறுமுனையிலிருந்து மெல்லப் பிரித்துக்கொண்டே வந்து மோதிரத்தைக் கழற்றினான். வலிக்கவே இல்லை என்றாள் பிர்தௌஸ். முகமும் பூரித்துத்தான் இருந்தது. பார்த்தவர்கள் எல்லாரும் பிள்ளைக்களை என்றார்கள். ரபீக்குக்கும் அவள் அப்போது முன்னைவிட அழகாகத் தெரிந்தாள்.

அந்தச் செவ்வாய்க்கிழமை பரிசோதனைக்குப் போக வேண்டிய நாள். கடையில் ஏழு ஆட்டோ நின்றது. தெருக்களை வேறு தடுப்பு வைத்து மறிக்க ஆரம்பித்திருந்தார்கள். "தீபம் முடியட்டும், அடுத்த செவ்வா போயிக்கலாமா?" என்று கேட்டான். "சரிங்க, எனக்கு ஒண்ணும் இல்ல, நல்லாத்தான் இருக்கேன்" என்றாள் அவள்.

தீபத்துக்கு மறுநாள் அவளுக்குத் தலைவலி. ரபீக் மெடிக்கலில் சொல்லி மாத்திரை வாங்கிக் கொடுத்தான். கொஞ்சம் கேட்டது, மறுபடியும் வந்தது. அடுத்த நாள் அந்தி சாயும் நேரத்தில் அவன் கடையிலிருந்து வந்தபோது அவள் கண்ணைக் கசக்கிக்கொண்டிருந்தாள்.

"லைட்டு விட்டு விட்டு எரியுதுங்க. மின்னி மின்னி அணையுது. கண்ணு கூசுது."

ரபீக் அண்ணாந்து பார்த்தான். அவனுக்கு ஒன்றும் தெரியவில்லை. ஆனாலும் பழைய டியூப்லைட், ஓரம் கறுத்திருந்தது. உடனே போய்ப் புது டியூப் வாங்கிவந்து, நாற்காலி போட்டு ஏறி மாற்றினான். ஸ்டார்ட்டரையும் மாற்றினான். வீடு பளிச்சென்றானது.

"இப்ப சரியா இருக்குதா?"

"ம்ம். சரியாயிடுச்சு."

மறுநாள் காலை பத்து மணிக்கு அவன் கடையில் ஒரு சீட்டுக்கு ரெக்ஸினை இழுத்துப் பிடித்துக்கொண்டிருந்தபோது அம்மாவின் போன் வந்தது. பேச்சு வரவில்லை, அலறல்தான் வந்தது. சீட்டுக்காகக் காத்துக்கொண்டிருந்த ஆட்டோக்காரர் பலராமன் எதுவும் கேட்கவில்லை. சீட் இல்லாத வண்டியிலேயே ரபீக்கை ஏற்றிக்கொண்டு பறந்தார். வீட்டில் பிர்தௌஸ் சமையலறைத் தரையில் கிடந்தாள். கை கால் வெட்டி வெட்டி இழுத்தது. பல் கிட்டி, வாயோரம் ரத்தம். அவளை ஆட்டோவின் பின்னால் வெறும் பலகையில் படுக்கவைத்து, தலையை மடியில் ஏந்திக்கொண்டு பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனார்கள்.

அவளை உள்ளே கொண்டுபோன சிறிது நேரத்தில் ஒரு பெண் டாக்டர் வெளியே வந்தார். வயது குறைவு. கையில் அட்டையும் பேனாவும்.

"பிரஷர் ரொம்ப ஏறி வலிப்பு வந்திருக்குங்க. வீக்கம் எத்தனை நாளா இருக்கு?"

ரபீக் சொன்னான். எந்தத் தேதியில் செருப்பு வார் அழுத்தியது, எத்தனை விரல் கூட்டினான், எத்தனை நாள் கழித்து மறுபடி ஒரு விரல் கூட்டினான், மோதிரம் எந்தக் கிழமை மாட்டிக்கொண்டது, தலைவலி எப்போது தொடங்கியது என்று எதுவும் விடாமல் சொன்னான். அவர்களுக்கு உதவும் என்று நினைத்துத்தான் சொன்னான். டியூப்லைட் மாற்றியதையும் சொன்னான்.

டாக்டர் எழுதுவதை நிறுத்திவிட்டு அவனைப் பார்த்தார். கோபமில்லை. புரியாமல்தான் கேட்டார்.

"இவ்ளோ கரெக்டா பார்த்திருக்கீங்களே. அப்புறம் ஏங்க கூட்டினு வரல?"

"எனக்குத் தெரியாது மேடம்" என்றான் ரபீக். அவர் தலையாட்டிவிட்டு உள்ளே போய்விட்டார்.

பிர்தௌஸ் பிழைத்தாள். மூன்று நாள் தீவிர சிகிச்சையில் கிடந்து கண் விழித்தாள். குழந்தை பிழைக்கவில்லை. பெண் குழந்தை. கருப்பையோடு ஒட்டியிருந்த நஞ்சுக்கொடி முன்னாலேயே பிரிந்துவிட்டது, எடுக்கும்போதே மூச்சில்லை என்றார்கள். பிர்தௌஸுக்கு நினைவு திரும்புவதற்குள் அடக்கம் முடிந்துவிட்டது.

அதற்குப் பிறகு வந்த இரண்டு மாதத்தைப் பற்றி ரபீக் அதிகம் பேசுவதில்லை. கடையைத் திறந்தான், தைத்தான், மூடினான். வீட்டில் யாரும் யாரையும் குற்றம் சொல்லவில்லை. முன்னி பேகம் மட்டும் தொழுகைப் பாயிலிருந்து எழுந்திருக்க முன்னைவிட அதிக நேரம் எடுத்துக்கொண்டார். யானைக்கால் என்ற சொல்லை அவர் பிறகு சொல்லவே இல்லை.

மாசி பிறந்த சமயம் நர்ஸ் வேதா வீட்டுக்கு வந்தார். ஐம்பது வயதுக்காரர். இருபத்திரண்டு வருஷ சர்வீஸ். குழந்தை இறந்து பிறந்தால் விசாரித்து ஒரு படிவம் நிரப்ப வேண்டும், அதற்காக வந்திருந்தார். முன்னி பேகம் டீ போட்டுக் கொடுத்தார். வேதா ஒவ்வொரு கேள்வியாகக் கேட்டு எழுதிக்கொண்டே வந்தார்.

"ஆபத்து அறிகுறிங்க பத்தி வகுப்புல சொன்னோமாம்மா?"

"சொன்னீங்க சிஸ்டர்" என்றாள் பிர்தௌஸ். "ரெண்டு தடவ சொன்னீங்க. நான் கையெழுத்துகூடப் போட்டேன்."

வேதா அந்தக் கட்டத்தில் ஆம் என்று எழுதினார். ரபீக் சுவரோரம் நின்றிருந்தான்.

"எங்கிட்ட யாரும் சொல்லலையே" என்றான்.

"உங்ககிட்ட எதுக்கு பாய்..." என்று தொடங்கிய வேதா பாதியிலேயே நிறுத்திக்கொண்டார்.

"நான் வாசல்லதான் நின்னேன் சிஸ்டர். எல்லா செவ்வாயும் நின்னேன். உள்ள வான்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தா வந்திருப்பேன்." அவன் குரலை உயர்த்தவில்லை. டாக்டரிடம் சொன்ன அதே விவரத்தை அவரிடமும் சொன்னான். வார், மோதிரம், டியூப்லைட். கேட்கக் கேட்க வேதாவின் பேனா மூடி கையிலேயே இருந்தது, மூடவில்லை.

"காலு மட்டும் வீங்குறது நெறைய பேருக்கு வரும் பாய்" என்றார் மெதுவாக. "ஆனா கை, முகம் எல்லாம் வீங்கி, கூட தலைவலியும் விடலன்னா ஒரு நாளுகூட வீட்டுல வச்சிருக்கக் கூடாது. கண் பார்வை பத்தியும் சொன்னேனேம்மா பிர்தௌஸ்?"

"பார்வை மங்கினா வரணும்னு சொன்னீங்க சிஸ்டர். எனக்கு மங்கலையே. பளிச்சு பளிச்சுன்னுதான் இருந்துச்சு. அதனால அது வேறன்னு நெனச்சேன்."

பார்வை மங்குதல் என்றுதான் வகுப்பில் காட்டும் பட அட்டையில் அச்சடித்திருந்தது. இருபத்திரண்டு வருஷமாக வேதா அதை அப்படியே படித்துவிட்டு, "புரிஞ்சுதா?" என்று கேட்பார். எல்லாரும் சேர்ந்து "புரிஞ்சுது சிஸ்டர்" என்பார்கள். அடுத்த அட்டையைத் திருப்புவார். மின்னும், கூசும், பூச்சி பறக்கிற மாதிரி இருக்கும் என்று அவர் ஒருநாளும் சொன்னதில்லை. டீயைக் குடிக்காமலேயே எழுந்து போனார். படிவத்தில் எல்லாம் சரியாக இருந்தது. அவர்மேல் எந்த நடவடிக்கையும் வரவில்லை, வருவதற்குக் காரணமும் இல்லை. அதுதான் தன்னைத் தின்றது என்று பிற்பாடு ரபீக்கிடம் சொன்னார்.

அடுத்த மாத வகுப்பில் வேதா திரையை விலக்கிக்கொண்டு வெளியே வந்து ஆண்களைக் கூப்பிட்டார். பதினோரு பேர் நின்றிருந்தார்கள். இரண்டு பேர் உள்ளே வந்தார்கள். ஒருவன் போன் வந்ததென்று பாதியில் எழுந்து போனான், இன்னொருவன் தரையைப் பார்த்தபடியே உட்கார்ந்திருந்துவிட்டுப் போனான். அதற்கடுத்த மாதம் ஒருவரும் வரவில்லை. வேதா ரபீக்கின் கடைக்கே வந்துவிட்டார்.

"நீங்க ஒரு தடவ வந்து பேசுங்க பாய். நான் சொன்னா அட்டைய படிக்கிறேன்னு நெனைக்கிறாங்க."

"என்னால ஆகாது சிஸ்டர்" என்றான் ரபீக். "எந்த மூஞ்சிய வச்சிகினு பேசுவேன்?"

வேதா வற்புறுத்தவில்லை.

வைகாசியில் ஒருநாள் கலையரசன் என்கிற ஆட்டோக்காரன் சீட் மாற்ற வந்தான். அடி அண்ணாமலை பக்கம் வீடு. பேச்சுவாக்கில் சிரித்துக்கொண்டே சொன்னான். "என் வீட்டுக்காரி காலு வீங்கி இப்ப எஞ்செருப்பத்தான் பாய் போட்டுகினு சுத்துறா. ஏழு மாசம்."

ரபீக் கையிலிருந்த கத்தரிக்கோலை வைத்தான். "மூஞ்சி வீங்கியிருக்குதா? தலவலிக்குதுன்னு சொல்லுதா?"

"தெரியலையே பாய். கேக்கல."

"வண்டிய எடு."

"சீட்டு?"

"அப்பால பார்த்துக்கலாம். எடு வண்டிய."

கடை ஷட்டரை இழுத்துவிட்டு அவனோடு கிளம்பினான். அடி அண்ணாமலைக்குப் போய் அவன் மனைவி திரௌபதியை ஏற்றிக்கொண்டு சுகாதார நிலையத்துக்கு வந்தார்கள். வேதா ரத்த அழுத்தம் பார்த்தார். சிறுநீரும் பரிசோதித்தார். எல்லாம் சரியாக இருந்தது. வெறும் கால் வீக்கம்தான். பாதி சமையலில் விட்டுவிட்டு வந்திருந்த திரௌபதி, "யாருங்க இந்த ஆளு?" என்று புருஷனைக் கேட்டாள்.

ரபீக்குக்கு வெட்கமாகப் போய்விட்டது. "மன்னிச்சுக்கம்மா. நான்தான் பயந்துட்டேன்" என்றான்.

"எதுக்கு பாய் மன்னிப்பு?" என்றார் வேதா. "பத்து பேரு இப்படி ஓடி வந்தா ஒன்பது பேருக்கு ஒண்ணும் இருக்காது. திருப்பி அனுப்பிச்சிடுவேன். அந்த ஒன்பது பேரும் வந்தாத்தான் பத்தாவது ஆளும் வருவாங்க. ஒண்ணும் இல்லாததுக்கு வந்துட்டோமேன்னு வெக்கப்பட்டுத்தானே எல்லாரும் வீட்டுலயே இருந்துடுறாங்க."

அன்று வீட்டுக்குப் போகும் வழியில்தான் போய்ப் பேசலாம் என்று ரபீக் முடிவு செய்தான்.

செவ்வாய்க்கிழமை ஆண்களுக்கு வேலை நாள், அவசரத்தில் நிற்பார்கள் என்று வேதா சுகாதார நிலைய டாக்டரிடம் கேட்டு வகுப்பை மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலைக்கு மாற்றினார். ஆண்களுக்கும் நாற்காலி போட்டார். முதல் ஞாயிறு ஆறு ஆண்கள். ரபீக் நின்றபடி, யார் முகத்தையும் பார்க்காமல், செருப்பு வாரைத் தளர்த்திய கதையைச் சொன்னான். டியூப்லைட் மாற்றியதையும் விடாமல் சொல்லி முடித்தான். ஒரு போன்கூட அடிக்கவில்லை, அல்லது யாரும் எடுக்கவில்லை. வேதா அன்றைக்குப் பட அட்டையைத் திறக்கவில்லை. "புரிஞ்சுதா?" என்றும் கேட்கவில்லை. "உங்க வீட்டுக்காரர் பக்கம் திரும்பி, என்ன ஆனா என்ன எங்க கூட்டினு போவணும்னு நீங்களே சொல்லுங்க" என்றார் பெண்களிடம். முதலில் எல்லாரும் நெளிந்தார்கள். அப்புறம் ஒரு பெண் சொன்னாள். தப்பாகச் சொன்னாள். வேதா திருத்தினார். இவ்வளவு வருஷமும் எத்தனை பேர் தப்பாகப் புரிந்துகொண்டு வீட்டுக்குப் போயிருப்பார்கள் என்பது அந்த ஒரு காலையிலேயே அவருக்குத் தெரிந்துபோனது.

நான்கு ஞாயிறு இப்படி நடந்தது. கூட்டம் கூடியது. ரபீக்குக்கு இரவில் தூக்கம் வர ஆரம்பித்திருந்தது. ஆனால் அவன் ஒன்றைச் செய்யாமல் விட்டிருந்தான். ஞாயிற்றுக்கிழமை எங்கே போகிறான் என்பதைப் பிர்தௌஸிடம் சொல்லவில்லை. அவளுக்கு நினைவுபடுத்த வேண்டாமே என்று நினைத்தான்.

ஆவணியில் கீழ்பென்னாத்தூரில் அவள் சொந்தத்தில் ஒரு நிக்காஹ். சாப்பாட்டுப் பந்தியில் பிர்தௌஸ் பக்கத்தில் உட்கார்ந்த ஒரு பெண் பேச்சுக் கொடுத்தாள். எந்த ஊர், என்ன வேலை என்று விசாரித்தவள் சட்டென்று, "அப்போ அந்த டியூப்லைட் வீடு நீங்கதானா?" என்று கேட்டுவிட்டாள். அவளுடைய தங்கை அந்த வகுப்புக்குப் போயிருந்தாளாம்.

வீடு திரும்பி, பர்தாவைக் கழற்றி மடித்து வைத்த பிறகுதான் பிர்தௌஸ் ரபீக்கிடம் கேட்டாள்.

"என் காலு வீங்கினது, நான் தரையில கெடந்தது, எல்லாம் ஊரு பூரா சொல்லிகினு இருக்கீங்களா?"

"பிர்தௌஸ், நாலு பேருக்கு நல்லது..."

"நல்லதுதான். யாரு இல்லன்னது? எங்கிட்ட ஒரு வார்த்த கேட்டீங்களா? எனக்கு ஒண்ணுன்னா மொதல்ல எங்கிட்ட கேக்கணும்னு ஏன் உங்களுக்குத் தோணவே மாட்டேங்குது?"

அவள் கேட்டது அந்த நான்கு ஞாயிறுகளை மட்டும் பற்றியது அல்ல என்று ரபீக்குக்குப் புரிந்தது. செருப்பு அழுத்தியபோது செருப்பைப் பார்த்தான். லைட் மின்னியபோது லைட்டைப் பார்த்தான். உனக்கு என்ன செய்கிறது என்று அவளிடம் உட்கார்ந்து கேட்கவே இல்லை.

அதோடு வகுப்புக்குப் போவதை நிறுத்திவிட்டான். வேதா போன் செய்தபோது, "வீட்ல வேணாம்னுட்டாங்க சிஸ்டர். தப்பு எம்மேலதான்" என்றான். புரட்டாசியும் ஐப்பசியும் போயின. ஆண்கள் வருவது குறைந்திருக்கிறது என்று காதில் விழுந்தது. ஆனாலும் அவன் அசையவில்லை.

மறுபடியும் தீபத்துக்கு வண்டிகள் வரத் தொடங்கியிருந்தன. ஒரு சனிக்கிழமை சாயங்காலம் பிர்தௌஸ் அவனுக்கு எதிரே வந்து உட்கார்ந்தாள்.

"நாளைக்கு வகுப்பு இருக்குதுல்ல? போகலையா?"

"நீதான் வேணாம்னியே."

"வேணாம்னு சொல்லல. கேக்கலன்னு சொன்னேன்."

"சரி. இப்ப கேக்குறேன். போகட்டுமா?"

"போங்க. எம்பேர சொல்ல வேணாம். அப்புறம், கதைய பாதி சொல்றீங்க. முழுசா சொல்லுங்க."

"எல்லாம்தானே சொல்றேன்?"

"டியூப்லைட் மாத்தினீங்கல்ல. அப்புறமும் அது அப்படியேதான் மின்னுச்சு." பிர்தௌஸ் தன் கைகளைப் பார்த்துக்கொண்டே பேசினாள். "நீங்க நாற்காலியில ஏறி எறங்கி, சட்டையெல்லாம் வேர்த்து, சரியாயிடுச்சான்னு கேட்டுகினு நின்னீங்க. பகல் பூரா வேல செஞ்சிட்டு வந்து நின்னீங்க. இன்னும் சரியாகலன்னு சொல்ல மனசு வரல. சரியாயிடுச்சுன்னு சொல்லிட்டேன். அது லைட்டுல இல்ல, என் கண்ணுலன்னு எனக்கு அப்பவே தெரியும்."

ஒரு வருஷமாக அவள் இதைத் தனியாகச் சுமந்திருக்கிறாள்.

"ஏன் எங்கிட்ட சொல்லல?"

"உங்களப் பார்த்தா, எல்லாம் உங்க தப்புன்னு நீங்களே எடுத்துகினு இருந்தீங்க. எனக்கு அதுல எடமே இல்ல."

மறுநாள் அவன் போனான். ஒன்பது ஆண்கள், ஒன்பது பெண்கள். பெயர் சொல்லாமல் எல்லாவற்றையும் சொன்னான், பிர்தௌஸ் சொன்னதையும் சொன்னான். "சரியாயிடுச்சுன்னு அவங்க சொன்னா நம்பிடாதீங்க. இன்னொரு தடவ கேளுங்க" என்றான் ஆண்களிடம். பெண்கள் பக்கம் திரும்பி, "சரியாகலன்னா சரியாகலன்னு சொல்லுங்கம்மா. அவரு மனசு நோகட்டும், பரவால்ல" என்றான். பின்வரிசையில் ஒரு பெண் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். ஏன் என்று யாருக்கும் தெரியாது.

இப்போது இரண்டாவது வருஷமாக வகுப்பு நடக்கிறது. அதனால் எத்தனை உயிர் பிழைத்தது என்று யாரும் சொல்ல முடியாது. ரபீக் ஒருதரம் கேட்டபோது வேதா சிரித்தார். "செத்ததுக்குத்தான் பாய் படிவம் இருக்குது. பொழச்சதுக்கு இல்ல." ஒன்றும் இல்லாததற்கு ஓடி வருகிறவர்கள் கூடியிருக்கிறார்கள், அது மட்டும் தெரியும் என்றார். வகுப்பு முடிந்ததும் சில பேர் ரபீக்கின் கையைப் பிடித்துக் குலுக்கிவிட்டுப் போவார்கள். அவனுக்கு அது பிடிப்பதில்லை. நன்றி சொல்கிறவர்களைப் பார்க்கும்போதெல்லாம், இதே சொற்கள் அந்தத் தீபத்துக்கு முன்னால் அந்தப் பச்சைத் திரையைத் தாண்டி வெளியே வந்திருந்தால் என்ற நினைப்புத்தான் வருகிறது.

பிர்தௌஸ் மறுபடி உண்டாகவில்லை. ஆரம்பத்திலிருந்தே கவனமாகப் பார்த்துக்கொண்டால் முடியும் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். அவள் இன்னும் யோசிக்கிறாள். ரபீக் அவசரப்படுத்துவதில்லை.

முழுக் கதையைச் சொல்லிவிட்டு வந்த அந்த முதல் ஞாயிற்றுக்கிழமை மதியம், இருவரும் சாப்பிட உட்கார்ந்திருந்தார்கள். வகுப்பைப் பற்றிப் பிர்தௌஸ் கேட்பாள் என்று ரபீக் எதிர்பார்த்தான். அவள் சோற்றைப் பிசைந்துகொண்டே வேறொன்றைக் கேட்டாள். அதுவரை ஒருமுறைகூடக் கேட்காதது.

"நீங்கதான் அவளப் பார்த்தீங்க. எப்படி இருந்தா?"

ரபீக் தட்டிலிருந்து கையை எடுத்துக்கொண்டான். "மூக்கு உன்னாட்டம். நெறம் எங்கம்மாவாட்டம். நகமெல்லாம் வந்திருந்துச்சு. முடி ஜாஸ்தி."

"ஜாஸ்தின்னா?"

"காதை மூடியிருந்துச்சு. சுருட்ட முடி."

"எங்க அத்தாவுக்கு சின்ன வயசுல சுருட்ட முடிதானாம்" என்று தன் அப்பாவைச் சொன்னாள் பிர்தௌஸ். பிறகு, "அப்புறம்?" என்றாள்.

அவன் சொல்லத் தொடங்கினான்.